எலிக் கண்ணும் அக்காவின் கண்ணும்

எண்பதுகளின் நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம், வெள்ளை எலிகளுக்குச் சர்க்கரை கொடுப்பதுதான் என் வேலை. சேலத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கல்லூரியின் பின்பக்கம், சைக்கிள் ஷெட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட அறை ஒன்று இருந்தது. அதுதான் எலி அறை. காலையில் போனதும் கூண்டுகளைக் கழுவி, தண்ணீர்ப் பாட்டிலை மாற்றி, பாலிலிருந்து கிடைக்கும் ஒரு சர்க்கரையை மாவுத் தீவனத்தில் பிசைந்து வைப்பேன். அதைத் தின்னும் எலிகளுக்குச் சில வாரங்களில் கண்ணில் புரை விழும். முதலில் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் மாதிரி தெரியும். பிறகு நடுவில் ஒரு துளி பாலை விட்டதுபோல் வெளுத்துவிடும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் புரை விழுவதற்கும் இதற்கும் உறவு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சும்போது கண்ணின் லென்ஸுக்குள் இருக்கும் ஒரு நொதி அதை வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அந்தப் பொருள் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, தண்ணீரை இழுத்து, லென்ஸை ஊதவைக்கிறது. செடிகளின் இலையிலும் பூவிலும் இருக்கும் மஞ்சள் பொருள்கள் சில அந்த நொதியைக் கட்டிப்போடும் என்று சோதனைக்குழாய் அளவில் அப்போதே தெரிந்திருந்தது. உயிருள்ள பிராணியின் கண்ணிலும் அது நடக்குமா, சாதாரணமாக நம் வீட்டுப் பின்னால் வளரும் ஒரு செடியே போதுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

எங்கள் என்றால் நானும் என் வழிகாட்டிப் பேராசிரியையும். அவரை எல்லாரும் மேடம் என்போம். ஒருநாள் அவர் ஒரு தாளில் ஏழெட்டுச் செடிகளின் பெயரை எழுதி என்னிடம் நீட்டினார். நாவல், நெல்லி, கொய்யா என்று போயிற்று பட்டியல்.

"கொய்யா எங்க ஊட்டுக்குப் பின்னாலயே இருக்குதுங்க மேடம்" என்றேன். ஊரைவிட்டு வந்து ஐந்து வருடம் ஆகியும் பதற்றத்தில் வாயில் ஊடுதான் வரும்.

"அப்ப அதிலயே ஆரம்பிங்க" என்றார்.

எங்கள் ஊடு என்று நான் சொன்னது அக்கா வீட்டை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே இல்லை. அக்காவுக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தாள். மாமா அந்த எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டார். அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், மலையிலிருந்து கீழே கல்லூரிக்கு அனுப்பியதும் அவர்கள்தான்.

அக்கா கொட்டை பொறுக்குகிறவள். களத்தில் காய்ந்து வரும் காப்பிக்கொட்டையை ஜன்னலோரம் நீள மேசையில் கொட்டி, கறுத்தது, உடைந்தது, பூச்சி குத்தியது எல்லாவற்றையும் விரலால் தள்ளிவிட வேண்டும். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே செய்வாள். கை மட்டும் கோழி கொத்துவதுபோல் போய்ப் போய் வரும். அக்கா பார்த்த மூட்டையில் ஒரு கருங்கொட்டை இருக்காது என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரே சொல்லுவார்.

நான் எம்.எஸ்ஸி. படிக்கும்போது அவளுடைய கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. ஏற்காடு ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தாயா என்று பின்னாளில் பலர் என்னைக் கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் மேடமிடம் ஒரு இடம் காலியாக இருந்தது, எலியைக் கையில் பிடிக்கப் பயப்படாத ஆளை அவர் தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

இலை பறிக்கும் வேலையை அக்கா தானாகவே எடுத்துக்கொண்டாள். இளம் இலை வேண்டாம், முற்றியதும் வேண்டாம், வெயிலில் போடக் கூடாது என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் கயிறு கட்டிக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு, நொறுங்குகிற பதத்தில் துணிப்பையில் போட்டு, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். நான் சேலம் பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வேன்.

"ஏனுங்க, வாரா வாரம் மூட்டையா இலை வருதுங்களே, கீழ ஆடு கீடு வளக்கறீங்களா?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார்.

"எலிங்க" என்றேன். அவர் அதற்கப்புறம் கேட்கவில்லை.

இலையைத் தூளாக்கிச் சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, வெந்நீர்த் தொட்டியின் மேல் வைத்து வற்றவைத்தால் தார்போல் ஒரு பசை மிஞ்சும். அதில் ஒரு பொட்டை வடிதாளில் வைத்து ஊறவிட்டு, அம்மோனியா ஆவியில் காட்டினால் மஞ்சள் புள்ளிகள் பளிச்சென்று எழும். முதல்முறை அதைப் பார்த்தபோது மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். இரண்டுக்கும் ஒரே சர்க்கரைத் தீவனம். ஒரு கூட்டத்துக்கு மட்டும் அந்தப் பசையைக் கலந்து கொடுத்தோம். மார்கழிக் கடைசியில், இலை தின்னாத எலிகளின் கண் எல்லாம் வெளுத்துவிட்டது. இலை தின்ற எலிகளைத் திருப்பித் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றுக்குக் கண் இன்னும் தெளிவாக, சிவப்பு மணிபோல் இருந்தது.

பொங்கல் லீவுக்கு மலையேறினேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, எலிக்குக் கண்ணு தப்பிச்சிருச்சு."

அவள் அடுப்பிலிருந்து திரும்பினாள். "நெசமாவா கண்ணு? நம்ம ஊட்டு எலைலயா?"

"நம்ம ஊட்டு எலைலதான்."

"சக்கரை தின்னுங்கூடவா?"

"தின்னுங்கூடத்தான் அக்கா. கண்ணு அப்படியே கண்ணாடியாட்ட இருக்குது."

அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் கன்னத்தைப் பிடித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் லைனில் இருந்த எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விட்டது. நான் இன்னும் இரண்டாம் முறை செய்து பார்க்கவில்லை, எலி வேறு, மனிதர் வேறு, இது ஆரம்பம் மட்டும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் நான் படித்துக் கிழித்தது ஏதோ ஒன்றுக்கு ஆகியிருக்கிறது என்று அக்கா முகத்தில் தெரிந்த சந்தோஷத்தில், குறுக்கே எதையும் சொல்ல மனம் வரவில்லை.

அதற்கப்புறம் நான்கு மாதம் ஊருக்குப் போக முடியவில்லை. இரண்டாவது சுற்று எலிகளை விட்டுவிட்டு நகர முடியாது. இலை மட்டும் வாராவாரம் வந்தது. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத்தான் போனேன்.

கோயில் மலை உச்சியில் ஒரு குகைக்குள் இருக்கிறது. வாசலில் குனிந்து போக வேண்டும். உள்ளே விளக்கு வெளிச்சம் மட்டும்தான். எனக்கு முன்னால் அக்கா. பூசாரி தீர்த்தம் கொடுக்க உத்தரணியை நீட்டினார். அக்கா கையைக் குவித்து நீட்டினாள், ஒரு சாண் தள்ளி. தண்ணீர் தரையில் விழுந்தது. பூசாரி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, நேராக வைத்து, இன்னொரு முறை ஊற்றினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இருட்டுல தெரியலீடா கண்ணு" என்றாள். வெயிலில் நின்று சொன்னாள். சொல்லும்போதே முகத்துக்கு முன்னால் கையை வீசினாள், பூச்சியை ஓட்டுகிறாற்போல். பூச்சி எதுவும் இல்லை.

கடைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது அக்காவோடு மேசையில் உட்கார்ந்து கொட்டை பொறுக்கும் ஒருத்தி எதிரே வந்தாள். "உங்கக்கா இப்ப மேசைக்கே வர்றதில்லீங்களே அம்மிணி. களை வெட்டற செட்டோட போறாங்க" என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பொரி கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். ஊருக்கு வரும்போதெல்லாம் கல்லூரியிலிருந்து ஒரு சிறு பாட்டில் நீலக் கரைசலும் இரண்டு சோதனைக்குழாயும் எடுத்துவருவேன். வீட்டிலேயே ரத்தம் பார்க்கும் கருவியெல்லாம் அப்போது எங்களைப் போன்றவர்கள் கண்ணில் பட்டதில்லை. சிறுநீரில் எட்டுச் சொட்டை அந்த நீலத்தில் விட்டுக் கொதிக்கவைப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போகப் போக அதிகம். அக்காவுக்கு எப்போதும் பச்சையில் நிற்கும்.

அடுப்புத் தணலில் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் செங்கல் நிறமாகி அடியில் படிந்தது.

"மாத்திரை எங்க அக்கா?"

அவள் முகம் அரிசிப் பானைப் பக்கம் திரும்பியது. அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டுத் தேடினேன். ஆஸ்பத்திரி உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிரிக்காமல் இருந்தன. பக்கத்தில் ஒரு சொம்பு. மூடியைத் திறந்தேன். கொய்யா இலை வேகவைத்த தண்ணீர்.

"எப்ப இருந்து?"

"பொங்கலுக்கப்பறம்."

"யாரு உனக்கு இதக் குடிக்கச் சொன்னது?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நான் எவ்வளவு தெரிந்தேனோ. "நீதான சொன்ன கண்ணு, எலைலதான் கண்ணு தப்பிச்சுதுன்னு. மாத்திரை தின்னா தலை கிறுகிறுங்குது. இது நம்ம புள்ளை கண்டுபிடிச்சதாச்சேன்னு..." பாதியில் நிறுத்தினாள். "நொம்ப நம்பிக்கையாத்தான் குடிச்சேன். கண்ணு மங்கினப்பக்கூட, இது வேலை செய்யறதுக்கு நாளாகும்போலன்னு நெனச்சுப்போட்டேன்."

மாமா கதவோரம் நின்றிருந்தார். அவர் அதிகம் பேசாதவர். "நானுந்தான் எலை கொண்டாந்து குடுத்தேன் அம்மிணி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் அந்தச் சொம்பை எடுத்துப்போய்ப் பின்னால் கொட்டினேன். திரும்பி உள்ளே வரவே கால் கூசியது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அக்காவைச் சேலத்துக்குக் கூட்டிவந்தேன். மேடத்துக்குத் தெரிந்த ஒரு கண் டாக்டர் இருந்தார். நாற்பது வயதுக்காரர். அக்காவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"வலது கண்ணுல உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குதுங்க. அதுதான் நூலாட்டமும் புகையாட்டமும் ஆடுது. இடது கண்ணுலயும் ஆரம்பமாகியிருக்குது. ஆனா பார்வை நல்லாத்தான் இருக்குது. அதக் காப்பாத்திக்கலாம்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எலி, இலை, பொங்கல் அன்று சொன்னது, மாத்திரையை நிறுத்தியது. நிறுத்திய நாலு மாதமா, அதற்கு முன்னால் கவனிக்காமல் விட்ட வருடங்களா, எது இப்படிச் செய்தது என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. இது பல வருடமாக உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கும், மாத்திரையை நிறுத்தியது நல்லதுக்கு இல்லை என்று மட்டும் சொன்னார். பிறகு, "உங்க எலிக்குக் கண்ணுல எந்த இடத்துல பாத்தீங்க?" என்றார்.

"லென்ஸுங்க."

"உங்க அக்காவுக்கு லென்ஸ் சுத்தமா இருக்குதே. கெட்டது பின்னால, விழித்திரை. வாங்க, பாருங்க."

அந்தக் கருவியை என் கையில் கொடுத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். நான் அக்காவின் முகத்தோடு முகம் வைத்துக் குனிந்தேன். அவளுடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சட்டென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பரப்பு, அதன்மேல் கிளை பிரிந்து ஓடும் ரத்தக்குழாய்கள். அங்கங்கே குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். மெழுகு சொட்டியதுபோல் மஞ்சள் திட்டுகள். இரண்டு வருடமாகச் சர்க்கரையும் கண்ணும் என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு மனிதக் கண்ணின் பின்பக்கத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்ன தெரியுது கண்ணு?" என்றாள் அக்கா.

"சரியாயிரும் அக்கா" என்றேன். உடனே திருத்திக்கொண்டேன். "முழுசா ஆகுமான்னு தெரியல. இருக்கறதக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொல்றாரு."

அப்போதெல்லாம் லேசர் வைப்பதென்றால் வெளியூர்தான். எங்கள் டாக்டர் கடிதம் கொடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். மாமாவும் நானும் முதல்முறை சேர்ந்தும் பிறகு மாறி மாறியும் கூட்டிப்போனோம். கண்ணை மரத்துப்போகச் செய்து, மோவாயை மெஷினில் வைத்து, சின்னச் சின்னதாகச் சுடுவார்கள். வெளியே வந்த அக்காவிடம் எப்படி இருந்தது என்று மாமா கேட்டார். "பச்சைப் பச்சையா மின்னல் வெட்டறாப்பல இருந்துச்சுங்க. கண்ணச் சிமிட்டாம இருங்கன்னாங்க. கருங்கொட்டை பொறுக்கற எனக்கா சிமிட்டாம இருக்கத் தெரியாது?" என்றாள். அன்று அவர் சிரித்ததைப் பார்த்தேன். மாத்திரையோடு ஊசியும் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். சில மாதத்தில் வலது கண்ணில் புகை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முழுக்கத் திரும்பவில்லை. முகம் தெரியும், எழுத்துத் தெரியாது. இடது கண் நின்றது நின்றபடி நல்லபடியாக இருந்தது.

அக்காவைக் கண் டாக்டரிடம் காட்டிய அந்த வாரமே நான் மேடமிடம் போய் ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. "விடறதுன்னா விடுங்க. ஆனா ரெண்டாவது சுற்று எலி பாதியில இருக்கு. அதோட கண்ணை யார் பாக்கறது?" என்று மட்டும் கேட்டார். நான் யோசித்துவிட்டுச் சொன்னேன், "நான் பாக்கக் கூடாதுங்க மேடம். எது எந்தக் கூட்டம்னு எனக்குத் தெரியும்."

கண் டாக்டரைக் கேட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கருவிகளோடு சைக்கிள் ஷெட் வழியாக எலி அறைக்கு வந்தார். மேடம் கூண்டுகளின் சீட்டையெல்லாம் கிழித்துவிட்டு வெறும் எண் ஒட்டியிருந்தார். நான் ஒவ்வொரு எலியாகத் துணியில் சுற்றிப் பிடித்தேன். டாக்டர் பார்த்துப் புரை எந்த அளவு என்று சொல்லச் சொல்ல மேடம் எழுதினார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "மனுசங்களே தேவலைங்க, சொன்னா மேல பாப்பாங்க" என்றார் டாக்டர்.

எந்த எண் எந்தக் கூட்டம் என்று பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது விஷயம் தெளிவாகியது. இலை தின்ற எலிகளுக்கும் புரை வந்திருந்தது. ஆனால் தாமதமாக, மெதுவாக. வித்தியாசம் உண்மையாகவே இருந்தது, நான் பொங்கலுக்கு முன்னால் நினைத்ததைவிடச் சின்னதாக. முதல் சுற்றில் மங்கலாகத் தொடங்கிய கண்களையெல்லாம் நான் தெளிவு என்று எழுதியிருக்கிறேன். பொய் எழுதவில்லை. ஆசையாகப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே மலைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் விடாமல். "எலை புரையத் தடுக்கல அக்கா, தள்ளிப் போடுது. அதுவும் எலிக்கு. மனுசருக்கு ஆகுமான்னு தெரிய நொம்ப வருசம் ஆகும். உன் கண்ணுக்குப் பின்னால வந்ததுக்கு இது கேக்குமான்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது."

அவள் முறத்தில் சாமை அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தள்ளிப் போடறதும் நல்லதுதான? நாளைக்கு வர்றது அஞ்சு வருசம் கழிச்சு வந்தா, அஞ்சு வருசம் கண்ணு தெரியுமல்ல. அதுக்குள்ள டாக்டரப் பாத்துக்கலாமல்ல."

நான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் பக்கம் பக்கமாக எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். பிற்பாடு கல்லூரி வேலைக்குப் போனபோதும் அந்த மஞ்சள் பொருளைத் தனியாகப் பிரிப்பதையும், விழித்திரையின் ரத்தக்குழாயில் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதையும் விடவில்லை. தொண்ணூறுகளில் என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்த பெண்களிடம் முதல் வாரமே ஒரு கண் டாக்டரிடம் போய் விழித்திரையைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். இன்னும் மருந்தாக எதுவும் கையில் வரவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு கதவாவது திறந்தது.

ஆனால் நான் ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்குள்ளேயே அக்கா வேறொன்றைத் தொடங்கிவிட்டிருந்தாள். கண் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் டாக்டரிடம், "ஏனுங்க டாக்டர், ஒரு நாளைக்கு எங்கூருக்கு வாங்களேன். என்னாட்டம் எத்தன பேரு இருக்காங்களோ" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். எலி பார்க்க வந்தவர் மனுசரைப் பார்க்க வரமாட்டாரா என்பது அவள் கட்சி. ஒருநாள் சரியென்றுவிட்டார்.

நாகலூரில் பள்ளிக்கூடத்து அறை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். ஜன்னலுக்கெல்லாம் சாக்கை ஆணியடித்து இருட்டாக்கினார் மாமா. நான் நீலக் கரைசலும் ஸ்டவ்வும் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு வாரமாக லைன் லைனாக, சாமை, கேழ்வரகு போடும் மலைக்காட்டு வீடுகள் வரை நடந்து ஆள் சொல்லியிருந்தாள். "கண்ணு தெரியறப்பவே வாங்க, தெரியாமப் போனப்பறம் வந்து என்ன பண்றதுங்க?" என்பதுதான் அவள் பேச்சு. வந்தவர்களில் ஒருத்தி, இலைத் தண்ணி குடித்தாலே போதுமென்று உன் தங்கச்சி சொன்னதாக அன்றைக்குச் சொன்னாயே என்று கேட்டாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது. அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

"அவ எலிக்குச் சொன்னா, நாந்தான் எனக்குன்னு எடுத்துக்கிட்டேன். ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்குதுங்க. நீங்க மொதல்ல கண்ணக் காட்டுங்க, அப்பறம் என்ன தண்ணி வேணுமோ குடிங்க."

மலை விவசாயி ஒருவர், அறுபது வயதிருக்கும், தன் பெண்டாட்டிக்குத் துணையாக வந்தவர், வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரையும் பாருங்கள் என்றதற்கு, "எனக்கென்னங்க, இங்கிருந்தே எதிர்க் கரட்டுல மேயற மாட்டுக்குக் கொம்பு தெரியும்" என்றார். அக்கா விடவில்லை. சும்மா காட்டிவிட்டுப் போங்கள் என்று உள்ளே தள்ளினாள். என் குழாயில் ஆரஞ்சு. டாக்டரின் கருவியில், பெண்டாட்டிக்கு ஒன்றுமில்லை, அவருடைய இரண்டு விழித்திரையிலும் சிவப்புப் புள்ளிகள். பார்வைக்கு ஒரு குறையும் வராத நேரம். "இப்பப் பாத்ததுதாங்க நல்ல நேரம்" என்று டாக்டர் அவருடைய தோளைத் தட்டினார். அவர் நம்பாமல் என்னுடைய குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

அந்த மாதிரி அன்று ஆறு பேர் அகப்பட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை ஆறு பேரையும் சேர்த்து பஸ்ஸில் சேலத்துக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் எல்லாருடைய கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, மாத்திரை எழுதி, யார் எப்போது வர வேண்டும் என்று சீட்டில் குறித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பிற்பகல் வெயில். மருந்து விட்ட கண் வெளிச்சம் தாங்காது, எதுவும் தெளிவாகத் தெரியவும் செய்யாது. ஆறு பேரும் துண்டாலும் முந்தானையாலும் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடிவாரம் தாண்டி பஸ் வளைவுகளில் திரும்ப ஆரம்பித்ததும் அந்த விவசாயிக்குப் பயம் வந்துவிட்டது.

"எங்க இருக்கறோமுன்னே தெரியலையே அம்மிணி. இது இப்படியேதான் இருக்குமா?"

"பொழுது சாயறதுக்குள்ள செரியாப் போயிருமுங்க" என்றாள் அக்கா. "நான் சொல்லிட்டே வாரேன், கேட்டுட்டே வாங்க."

ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் உண்டு. அவள் கழுத்தை இடது கண்ணுக்கு வாகாகத் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். "அஞ்சுங்க. இடது பக்கம் மூங்கப் புதர். ஆறு. கீழ சேலம் தெரியுது, ஒரே தூசி. ஏழு, கொரங்கு உக்காந்திருக்குது, குட்டியோட." பின் சீட்டில் ஒரு பெண் முந்தானைக்குள்ளிருந்தே, "குட்டி எம்பட்டு இருக்குது?" என்று கேட்டாள். அக்கா கையை விரித்து அளவு காட்டினாள். பிறகு அவளுக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "உள்ளங்கை தண்டி" என்றாள். பஸ் எட்டாவது வளைவில் திரும்பியது.